பெரட்டுக்கு வராத புரோகிராமர்

சுவாவிலிருந்து ரெம்பாவ் வரைக்கும் உள்ள தோட்டங்களிலும் தாமான் குடியிருப்புகளிலும் என் பந்தலின் கீழே உட்கார்ந்து ஒரு வேளையாவது சாப்பிடாத தமிழர் குறைவு. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். பந்தல், நாற்காலி, மேசை, அண்டா, குண்டான், பரிமாறும் வாளி, கரண்டி வரை கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் வாடகைக்கு விடுகிறவள் நான். எல்லாச் சாமானிலும் சிவப்புச் சாயத்தில் ஒரு கோடு இருக்கும். அந்தக் கோட்டைப் பார்த்தாலே மண்டோரம்மா வீட்டுச் சாமான் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

மண்டோரம்மா, அதாவது ஆட்களை வேலை வாங்குகிற கங்காணியம்மா, என்ற பெயர் பந்தலால் வந்ததல்ல. அதற்கு முன்னால், தோட்டங்களில் புல் வெட்டவும் மருந்து அடிக்கவும் போகிற பெண்கள் செட்டு ஒன்றை நான் நடத்தினேன். அவர்கள் தோட்டத்து ஆட்கள் அல்ல. கொந்திராக்கில், ஒப்பந்தக் கூலிக்கு, வருகிறவர்கள். இன்றைக்கு இந்தத் தோட்டம், நாளைக்கு வேறு தோட்டம். எந்த நேரத்திலும் யாரும் கூப்பிட்டுக்கொண்டு போய்விடலாம். அப்படிப்பட்டவர்களை வருஷக்கணக்கில் கலையாமல் வைத்திருந்தேன். எப்படி என்று கேட்டால் ஒரு வார்த்தைதான் சொல்வேன். பெரட்டு.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விடிவதற்கு முன்னால் எல்லாரும் ஓர் இடத்தில் வந்து நிற்க, பெயரை வாசித்து ஆள் கணக்கெடுப்பதுதான் பெரட்டு. பெயர் சொன்னதும் "இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். வராதவருக்கு அன்றைக்குப் பெயர் விழாது, கூலியும் கிடையாது. பிந்தி வந்தால் "இன்னிக்கு உனக்கு வேலை இல்ல, வீட்டுக்குப் போ" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். தோட்டத்தில் கிராணி என்கிற எழுத்தர் அதைச் செய்தார். என் செட்டுக்கு நானே செய்தேன். படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டதால் பெயர்களைத் தாளில் எழுதி வாசித்ததில்லை. முகத்தைப் பார்த்தே வாசிப்பேன்.

பந்தல் தொழிலிலும் தாள் கிடையாது. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு நிறத்துத் துணித்துண்டு. சுவா என்றால் நீலம், ரெம்பாவ் என்றால் பச்சை, செனாவாங் என்றால் மஞ்சள். கொட்டகைக் கம்பியில் வாரம் வாரமாகக் கட்டி வைத்திருப்பேன். மீதியெல்லாம் தலைக்குள். அது என்னை ஒருநாளும் கைவிட்டதில்லை.

அப்படியிருக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு கல்யாணம் மோதிக்கொண்டன. சுவாவில் ஒன்று, ரெம்பாவ் பக்கம் ஒன்று. ரெம்பாவ் வீட்டார் தேதியை மாற்றியிருக்கிறார்கள். அதை என்னிடம் சொல்லாமல், அந்தப் பக்கம் நாற்காலி இறக்கப் போன எங்கள் லோரிக்காரரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் தலையை ஆட்டிவிட்டு வந்து மறந்துவிட்டார். பெரிய பந்தல் என்னிடம் ஒன்றுதான். அது சுவாவில் நின்றது. ரெம்பாவில் சின்னப் பந்தலை வைத்து ஒப்பேற்றினோம். சாப்பாட்டு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளை வீட்டார் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு சுவரோரமாக வரிசையாய் நின்று சாப்பிட்டார்கள்.

மறந்தது லோரிக்காரர். ஊர்ப் பேச்சு என் தலையில் விழுந்தது. "மண்டோரம்மாவுக்கு ஞாபகம் போயிருச்சாம். வயசாயிருச்சுல்ல, பாவம்." அந்தப் பாவம் என்ற வார்த்தைதான் எனக்கு ஆகவில்லை.

செனாவாங் ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை செய்கிற என் மகள், என்னோடுதான் இருக்கிறாள். அவள் ஒரு நாள் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"ம்மா, இனிமே தலையில வெச்சுக்கிட்டு ஓட்ட முடியாது. போன்ல புக்கிங் போடுற மாதிரி ஒண்ணு செஞ்சுக்கலாம். நீங்க, நானு, லோரி அண்ணே, எல்லார் போன்லயும் ஒரே மாதிரி தெரியும்."

"எவன் செய்வான் அத?"

"ஃப்ரீலான்ஸ்ல செய்றவங்க இருக்காங்க. கம்பெனிகிட்ட போனா நமக்கு ஆகாது. வீட்ல இருந்தே செய்வாங்க."

"கொந்திராக் ஆளுன்னு சொல்லு."

"ஆமாலா, கொந்திராக்தான். ஆனா ஒண்ணு, ஆடியில கல்யாணம் இல்ல. ஆவணி பொறக்குறதுக்குள்ள இது ஆகணும். ஆகலன்னா போன என்கிட்ட குடுத்துடுங்க. தொழில நான் பாத்துக்கிறேன். நீங்க ரெஸ்ட் எடுங்க."

அவள் அன்பாகத்தான் சொன்னாள். எனக்கு அது செட்டை விட்டுப் போகச் சொன்னது போல இருந்தது. போன் என் கையில் இருக்கும் வரைக்கும் நான் மண்டோரம்மா. கை மாறினால் மண்டோரம்மாவின் அம்மா. அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வித்தியாசத்துக்காகத்தான் நான் புரோகிராமர் தேடப் போனேன்.

முதலில் வந்தவர் மகளின் ஃபேக்டரியில் யாருக்கோ தெரிந்தவர். வீட்டுக்கே வந்தார். வாசனை அடித்தது. என்னை ஆன்ட்டி என்று கூப்பிட்டார். நான் ஒன்று சொல்லத் தொடங்கினால் அவரே முடித்துவிடுவார். "ரெண்டே வாரம் ஆன்ட்டி, முடிச்சிடலாம்" என்றார். என் செட்டில் யாராவது இப்படிப் பேசினால், அந்தக் காட்டை ஒரு தரம் நடந்து பார்த்துவிட்டு வந்து சொல் என்று அனுப்புவேன். இவருக்கு நடந்து பார்க்க என் கொட்டகைதான் இருந்தது. அதை அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. மகள் முகத்துக்காகச் சும்மா இருந்தேன்.

அதற்குப் பிறகு அவர் போனை எடுக்கவில்லை. ஆனி மாசக் கடைசிக் கல்யாணம் ஒன்றில், என் பந்தலின் கீழேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஆன்ட்டி! நெட் சரியில்ல ஆன்ட்டி, அதான்..."

"பரவால்ல, சாப்புடுங்க" என்று சொல்லி, பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு இன்னொரு கரண்டி பிரட்டல் வைக்கச் சொன்னேன். அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எனக்கு அது போதும்.

போனில் தெரிய வேண்டிய படங்களை வரைய ஒரு டிசைனரும் வேண்டும் என்று மகள் சொல்லியிருந்தாள். அந்த டிசைனர் கிடைத்தது வேறு மாதிரி. மாதா கோயில் திருநாளுக்கு நாற்காலி இறக்கப் போயிருந்தோம். வாசலில் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். ஆட்கள் நாற்காலி தூக்கிக்கொண்டு போகிறது போல ஓரத்தில் ஒரு சித்திரம். கிட்டே போய்ப் பார்த்தேன். சித்திரத்தில் இருந்த நாற்காலியின் முதுகில் சின்னதாகச் சிவப்புக் கோடு. என் கோடு. யார் வரைந்தது என்று கேட்டேன். கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலியோடு ஒரு பெண் வந்து நின்றாள். அவளும் ஃபேக்டரிக்காரிதான். ஓய்வு நாளில் கல்யாணப் பத்திரிகை, பேனர் வரைந்து கொடுக்கிறாள்.

"கோட்ட ஏன் போட்ட?"

"நாற்காலின்னா அது இருக்கும்ல ஆயா. சின்னதுலேர்ந்து அப்படித்தான் பாத்திருக்கேன்."

அந்த இடத்திலேயே அவளை வேலைக்கு எடுத்துவிட்டேன்.

அவள் முதலில் கொண்டுவந்த படங்கள் பளபளவென்று இருந்தன. பொன் நிறத்தில் ஒரு பானை, மேலே மாவிலை.

"இது என்னா?"

"அண்டா ஆயா."

"என் அண்டா இப்படியா இருக்கு? கொட்டகைல போய்ப் பாரு. காது ஒண்ணு வளைஞ்சிருக்கும். அடி கருப்பு. எனக்கு எழுத்து சரியா படிக்க வராது. படத்தப் பாத்துதான் நான் தொழில் பண்ணணும். என் அண்டா இல்லாத படத்த நான் எப்படி நம்புவேன்?"

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கொட்டகைக்குள் போய் வெகுநேரம் நின்றாள். வீட்டில் இருக்கிற அண்டாவைக் கழுவிக் கவிழ்த்து வைப்போம். வெளியே போகப் போகிறதை நிமிர்த்தி வைப்போம். அதை யாரும் சொல்லாமலே பார்த்துக்கொண்டாள். அடுத்த தரம் வந்தபோது, கவிழ்ந்திருக்கிற அண்டா என்றால் அந்தச் சாமான் காலியாக இருக்கிறது, நிமிர்ந்திருந்தால் யாரோ எடுத்துவிட்டார்கள் என்று வரைந்து வந்தாள். வளைந்த காதோடு. மகள் கைதட்டினாள்.

ஆனால் படம் படமாகத்தான் இருக்கிறது. தொட்டால் நகர வேண்டும். அதற்குப் புரோகிராமர் வேண்டும். அந்தப் பெண்ணே சொன்னாள்: "ரெம்பாவ்ல ஒருத்தரு இருக்காரு ஆயா. என் வேலை நாலஞ்சு அவருதான் செஞ்சு குடுத்தாரு. பேச்சு கம்மி. ஆனா சொன்னா செய்வாரு."

"வரச் சொல்லு. பாக்குறேன்."

"அவரு வர மாட்டாரு."

எனக்குச் சுருக்கென்றது. என் செட்டில் ஓர் ஆளைச் சேர்க்கும்போது கையைப் பார்ப்பேன், கண்ணைப் பார்ப்பேன், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்பேன். இவரிடம் போனில்தான் பேச முடிந்தது. "வெளிய வர்றது சூசா, கஷ்டம் பாட்டி. வேலை செஞ்சு தர்றேன்" என்றார். குரல் அடக்கமாக இருந்தது. ஆனால் அந்த அடக்கம் எனக்குத் திமிராகப் பட்டது. பெரிய இடத்து ஆள் போலிருக்கிறது, ஒரு கிழவி வீட்டுக்கு வரமாட்டாராக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கூலியைப் பற்றிப் பேசி முடித்தோம். அது எவ்வளவு என்று இங்கே சொல்ல மாட்டேன். அது அவருக்கும் எனக்கும்.

ஆடி பிறந்தது. வேலை தொடங்கியது. அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

"தம்பி, என்கிட்ட ஒரு பழக்கம் இருக்கு. தெனம் காலைல ஆறு மணிக்குப் பெரட்டு. நான் போன் அடிப்பேன். இருக்கேன்னு சொன்னா போதும். நேத்து என்ன செஞ்ச, இன்னிக்கு என்ன செய்வ. அவ்வளவுதான்."

"பெரட்டா பாட்டி?" என்றார். சிரித்தாரா, பெருமூச்சு விட்டாரா என்று தெரியவில்லை.

முதல் சில நாட்கள் எடுத்தார். "இருக்கேன்" என்பார். பின்னால் தண்ணீர் விழும் சத்தமும் வாளி உரசும் சத்தமும் கேட்கும். குளிக்கிற நேரம் போல என்று நினைத்தேன். என்ன செய்தீர் என்று கேட்டால் "அப்புறம் சொல்றேன் பாட்டி" என்று வைத்துவிடுவார். பெரட்டில் நின்றுகொண்டு அப்புறம் சொல்கிறேன் என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. தோன்றினபோதெல்லாம் குரலைப் பதிந்து அனுப்புவேன். அண்டாவுக்கு மூடி தனியாகக் காட்ட வேண்டும். நாற்காலியை நூறு நூறாகக் காட்ட வேண்டும். இல்லை, ஐம்பதாகக் காட்டு. மூடி வேண்டாம். சந்தையில் மீன் வாங்கும்போது ஒன்று ஞாபகம் வரும், அங்கேயே நின்று அனுப்புவேன். அவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டைவிரல் படம் போடுவார். எனக்கு அதுவும் திருப்தியாக இல்லை. வாய் திறந்து சொன்னால் என்ன?

ஒரு நாள் காலையில் போனை எடுக்கவில்லை. மறுநாளும் இல்லை. முதலில் வந்த வாசனைக்காரர் ஞாபகம் வந்துவிட்டது. இவரும் ஓடிவிட்டார், ஆவணியும் வந்துவிடும், போனும் போய்விடும். அதற்கு அடுத்த காலை மூன்று தரம் அடித்தேன். பிறகு போனை வாயருகே வைத்து, செட்டில் பேசுகிற அதே குரலில் சொல்லி அனுப்பினேன்.

"பெரட்டுக்கு வரல. இன்னிக்கு உனக்கு வேலை இல்ல. வீட்டுக்குப் போ."

காபி குடித்துக்கொண்டிருந்த மகளுக்குப் புரையேறிவிட்டது.

"ம்மா! அவரு வீட்லதாம்மா இருக்காரு! எந்த வீட்டுக்குப் போவாரு?"

"அது அவனுக்குத் தெரியும்" என்றேன்.

உண்மையிலேயே தெரிந்திருந்தது. அன்றோடு எல்லாம் நின்றது. கட்டைவிரல்கூட வரவில்லை. சில நாள் கழித்து டிசைனர் பெண் ஷிப்ட் முடிந்து நேராக வந்தாள். உடுப்பைக்கூட மாற்றவில்லை.

"அவரு நிறுத்திட்டாரு ஆயா."

"ஏன்?"

"நீங்கதானே வேலை இல்லன்னு சொன்னீங்க. வேற வேலை எடுத்துட்டாராம். அவருக்கு நாலு பக்கமும் கூப்புடுறாங்க, சிங்கப்பூர்லேர்ந்து கூட."

"ஒரு நாளைக்குச் சொன்னேன்டி! பெரட்டுல சொல்றது எல்லாம் அன்னிக்கு மட்டும்தான். மறுநாள் வந்து நிக்க வேண்டியதுதானே?"

"அது உங்களுக்குத் தெரியும் ஆயா. தோட்டத்துல போகச் சொன்னா, மறுநாள் அதே மண்டோர்கிட்டதான் வரணும். வேற வழியில்ல. இவங்களுக்கு அப்படி இல்லலா."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அந்த ராத்திரி சாப்பாடு பிடிக்கவில்லை. என் செட்டும் கொந்திராக் செட்டுதான். அவர்களையும் நாலு பேர் கூப்பிட்டார்கள். ஆனாலும் என்னிடம் வந்தார்கள். பெரட்டுக்காகவா வந்தார்கள்? அப்படித்தான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

ஆடி பாதியைத் தாண்டிவிட்டது. ஆவணிக்கு ஆட்கள் போன் செய்யத் தொடங்கினார்கள். போன் அடிக்கும்போதெல்லாம் மகள் கண் அதன் மேல் போகும்.

கோலாலம்பூரில் ஒருவரைப் பிடித்தோம். போனிலேயே பேசினார். பாதியில் நின்ற வேலையைத் திறந்து பார்த்துவிட்டு, "இது யாரு செஞ்சாங்களோ, எனக்கு ஒத்துவராதும்மா. எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்லேர்ந்து போடணும். தீபாவளி ஆயிடும்" என்றார். நான் ரப்பர் பால்மரமும் வெட்டியிருக்கிறேன். ஒருவர் வெட்டி வந்த மரத்தை இன்னொரு கை வெட்டினால் பட்டை காயப்பட்டுவிடும். அதனால் வெட்டுகிறவர் நோயில் படுத்தால், அவர் எழுந்து வரும்வரை அவருடைய மர நிரையை விட்டு வைப்பதும் உண்டு. வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அப்போதுதான் பெரட்டின் இன்னொரு பாதி எனக்கு நினைவுக்கு வந்தது. நாள் கணக்கில் ஓர் ஆள் வராவிட்டால், மண்டோர் ஆட்கள் குடியிருக்கிற லயத்துக்குப் போய்க் கதவைத் தட்டிப் பார்க்க வேண்டும். காய்ச்சலா, சண்டையா, குடியா, என்னவென்று தெரிந்துகொண்டுதான் அடுத்த பேச்சு. என் செட்டில் நான் ஏறாத லயம் இல்லை. யார் வீட்டில் எந்தப் பிள்ளைக்கு இழுப்பு, யார் வீட்டில் அரிசி இல்லை, எல்லாம் எனக்குத் தெரியும். இந்த ஆள் வீட்டுக்கு மட்டும் நான் போகவில்லை. போனில் வேலைக்கு எடுத்த ஆளுக்கு வீடு இருக்கும் என்றே தோன்றவில்லை.

மகளை எழுப்பிக் காரை எடுக்கச் சொன்னேன். "இந்த நேரத்துலயா?" என்றாள். பெரட்டு நேரத்தில்தான் போய்ப் பார்க்க வேண்டும் என்றேன். டிசைனர் பெண்ணிடம் வழி கேட்டுக்கொண்டு, கொல்லையில் பழுத்திருந்த ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு கிளம்பினோம்.

ரெம்பாவ் போய்ச் சேர்ந்தபோது வெளுத்துக்கொண்டிருந்தது. செம்பனைக் காட்டை ஒட்டின தனி வீடு. தகரக் கூரையின் கீழே ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. பக்கவாட்டில், குளியலறை வாசலில், பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஒரு கையும் காலும் தொங்கிக் கிடந்தன. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. முப்பது வயது மதிக்கத்தக்க ஓர் ஆள், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாளியிலிருந்து மொண்டு அவர் முதுகில் மெதுவாக ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார். வாளியைத் தரையில் இழுத்தார். நான் போனில் கேட்ட சத்தம் அதுதான்.

அவர் என்னைப் பார்த்தார். யார் என்று சொல்லாமலே தெரிந்துகொண்டார்.

"கொஞ்சம் இருங்க பாட்டி. அப்பாவுக்கு ஈரத்தோட காத்து படக்கூடாது."

நான் வாழைப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்தேன். மகள் காரிலேயே இருந்தாள். அவர் துடைத்து, சட்டை மாட்டி, நாற்காலியோடு அப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து என் எதிரில் வைத்தார். பெரியவர் என்னை உற்றுப் பார்த்தார்.

"யாரு?"

"மண்டோரம்மாப்பா. பந்தல் வெச்சிருக்காங்கள்ல, அவங்க."

பெரியவரின் நல்ல பக்கத்து வாய் சிரித்தது. "பெரட்டா?" என்றார். வார்த்தை குழறித்தான் வந்தது. "இவன் பேரு... விழலியா?"

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மகன் சிரிக்கவில்லை. அப்பாவுக்குக் கஞ்சியை ஊட்டிக்கொண்டே பேசினார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தரம்.

"நான் கோவத்துல நிறுத்தல பாட்டி. அந்த மூணு நாளும் அப்பாவுக்கு ரொம்ப முடியல, போன எடுக்க முடியல. எங்கம்மா பால்மரம் வெட்டுனவங்க. எனக்குக் காய்ச்சல்னு ஒரு நாள் பிந்திப் போனாங்க. திருப்பி அனுப்பிட்டாங்க. வந்து வாளிய வாசல்ல வெச்சிட்டு அப்படியே உக்காந்திருந்தாங்க. அன்னிக்கு முழுக்க யார்கிட்டயும் பேசல. உங்க வாய்ஸ் கேட்டதும் எனக்கு அதான் ஞாபகம் வந்துச்சு. போகச் சொன்னாங்க, போயிடுவோம்னு போயிட்டேன். எனக்கு வேற இடம் இருக்கு. அம்மாவுக்கு இல்ல."

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. எனக்கு அது வராது. பழத்தை எடுத்து பெஞ்சின் மேல் வைத்தேன்.

"அப்பா எப்பத் தூங்குவாரு?"

"பதினொரு மணிக்கு."

"அப்ப பதினொரு மணிக்குப் பெரட்டு."

"பெரட்டே வேணாம் பாட்டி."

"பெரட்டு இல்லாம எனக்கு வேலை வாங்கத் தெரியாது தம்பி. தெரிஞ்சா நான் ஏன் இங்க வர்றேன்?"

அவர் கஞ்சிக் கிண்ணத்தை வழித்தார். அப்பாவின் தாடையைத் துடைத்தார். நான் காத்திருந்தேன். எனக்குக் காத்திருக்கத் தெரியும்.

"சரி" என்றார் கடைசியில். "பதினொரு மணிக்கு நான் போன் அடிக்கிறேன். பேரு நான் வாசிக்கிறேன். உங்களுக்கு என்னென்ன மாத்தணுமோ எல்லாத்தையும் அப்ப ஒரே வாட்டில சொல்லிடணும். சந்தைலேர்ந்து வாய்ஸ் அனுப்பக் கூடாது. நான் ஒண்ணு செஞ்சிக்கிட்டு இருக்கும்போது நீங்க இன்னொண்ணு சொன்னா, ரெண்டும் கெட்டுப் போவுது. அப்புறம், என் வேலைல வேற கை வைக்கணும்னா எனக்குச் சொல்லிட்டு வைங்க."

என்னிடம் இப்படி யாரும் நிபந்தனை வைத்ததில்லை. தோட்டத்துத் துரைகூட வைத்ததில்லை. காரிலிருந்து மகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவர் நல்ல கையால் ஒரு பழத்தைப் பிய்த்து எனக்கு நீட்டினார், என் பழத்தையே. வாங்கிக்கொண்டேன்.

"சரி" என்றேன்.

அந்த நாளிலிருந்து பதினொரு மணிக்குப் போன் அடிக்கும். டிசைனர் பெண்ணும் ஓய்வு நாளாக இருந்தால் சேர்ந்துகொள்வாள். அவர் முதலில் "மண்டோரம்மா?" என்று கேட்பார். நான் "இருக்கேன்" என்பேன். முதல் தரம் சொன்னபோது கூச்சமாக இருந்தது. வாசிக்கிற இடத்தில் நின்றவளுக்கு, பதில் சொல்கிற இடம் புதிது. பிறகு டிசைனர், "இருக்கேன்லா" என்று இழுப்பாள். நேற்று என்ன ஆச்சு, இன்றைக்கு என்ன. சந்தையில் ஏதாவது தோன்றினால் முந்தானையில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்வேன். பதினொரு மணிக்கு ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்துச் சொல்வேன். பாதி முடிச்சுகள் அவிழ்க்கும்போதே தேவையில்லை என்று தெரிந்துவிடும். மூடி அப்படித்தான் போனது.

ஆவணிக்குக் கொஞ்சம் முன்னால் வேலை முடிந்தது. முதல் வாரமே சோதனை வந்தது. ரெம்பாவில் ஒரு வீட்டார் தேதியை மாற்றினார்கள். பழைய கதைபோலவே லோரிக்காரரிடம்தான் சொன்னார்கள். ஆனால் இந்தத் தரம் அவர் தன் போனில் அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். பெரிய பந்தலுக்குப் பக்கத்தில் அண்டா நிமிர்ந்திருந்தது. சுவாவுக்கு ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. "அன்னிக்கு இல்லங்க, சனிக்கிழமை இருக்கு" என்று அங்கேயே சொல்லிவிட்டார். அவர்களும் சனிக்கிழமைக்கு ஒப்புக்கொண்டார்கள். எனக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என் போனில் வளைந்த காதோடு ஒரு அண்டா தானாக நிமிர்ந்தது, பச்சைத் துணியோடு. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மகளிடம் காட்டினேன். அவள் போனை வாங்கிப் பார்த்துவிட்டு என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

வேலை முடிந்தாலும் பதினொரு மணிப் போன் நிற்கவில்லை. ஏதாவது ஒன்று பழுதாகும், ஏதாவது ஒன்று சேர்க்க வேண்டியிருக்கும். சிங்கப்பூர்க்காரர்கள் இன்னும் அவரைக் கூப்பிடுகிறார்கள். போனாலும் போவார். அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. மாசம் ஒரு தரம் ரெம்பாவ் பக்கம் பந்தல் போகும்போது, அந்த வீட்டு வாசல் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். பெரியவர் இப்போது நாலு வார்த்தை கூடப் பேசுகிறார். நாலும் கிண்டல்தான்.

போன வாரம் சுவாவில் நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. எண்ணுகிற மும்முரத்தில் போன் அடித்தது கேட்கவில்லை. பார்த்தபோது மூன்று தரம் அடித்து ஓய்ந்திருந்தது. அவசர அவசரமாகத் திருப்பிக் கூப்பிட்டேன்.

"தம்பி, இருக்கேன், இருக்கேன்!"

அந்தப் பக்கத்திலிருந்து அந்த அடக்கமான குரல் வந்தது.

"பெரட்டுக்குப் பிந்திட்டீங்க மண்டோரம்மா. இன்னிக்கு உங்களுக்கு வேலை இல்ல. வீட்டுக்குப் போங்க."

பின்னாலிருந்து பெரியவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. தூங்கவில்லை போலிருக்கிறது. இதற்காகவே விழித்திருந்தாரோ என்னவோ.

லோரிக்காரர் என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் தன் போனைத் தூக்கிக் காட்டினார். எத்தனை நாற்காலி, எத்தனை மேசை, எல்லாம் அதில் இருந்தது. மீதியை அவர் இறக்கிக்கொள்வார்.

நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.